நாற்பது நொடி

தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் வாகியின் வீடு.
அவனிடம் டிஷ். என்னிடம் கைப்பேசி.
பந்து அவனுக்கு முதலில் போகும்,
நாற்பது நொடி கழித்துத்தான் என்னிடம் வரும்.

ஹனுவாபாடாவில் எங்கள் வீடுகள்
கடலுக்குள் கால் இறக்கி நிற்பவை.
ஒருவர் இருமினால் நான்கு வீட்டுக்குக் கேட்கும்.
அதனால்,
நள்ளிரவு தாண்டி, எங்கோ கரீபியன் வெயிலில்
எங்கள் பையன்கள் ஆடும்போது,
என் திரையில் பந்துவீச்சாளன்
இன்னும் பந்தைத் தொடையில் தேய்த்துக்கொண்டிருப்பான்.
வாகி அதற்குள் "ஐயோ" என்றுவிடுவான்.
யார், எப்படி, எந்த ஸ்டம்ப்,
அது மட்டும்தான் எனக்கு மிச்சம்.
சாவுச் செய்தி முன்னால் வந்து
நோய் பின்னால் வருவதுபோல.

சத்தத்தைக் குறை என்று இருமுறை சொன்னேன்.
"குறைத்தாயிற்று கெயுவா,
இது டிவி இல்லை, நான்."

பாக்கு விற்ற காசில் பாதி
இந்த வாரம் டேட்டாவுக்குப் போயிற்று.
ஜெயித்தால் உனக்கு என்ன தருவார்கள்
என்கிறாள் தங்கை.
ஏற்கெனவே மூன்று தோல்வி, பட்டியலில் அடி வரிசை.
கடன் எழுதும் நோட்டில் ரன் ரேட் போட்டுப் பார்த்தேன்:
இன்று பத்து ஓவருக்குள் முடித்து,
மற்ற இரண்டு ஆட்டத்திலும் மழை பெய்தால்
கணக்கு வருகிறது.
பதினோராவது ஓவரில்
அந்தத் தாளைக் கிழித்துக் கடலில் போட்டேன்.

கடைசி ஓவர். ஆடுவது இகோ.
மூன்றாம் வரிசை வீட்டுப் பையன்.
ஒன்பது வயதில் தெருவில் அவன் அடித்த பந்து
என் பாக்கு மேசையைக் கவிழ்த்தது.
மூன்று கினா, இன்னும் பாக்கி.

வாகி கத்தினான். நாற்பது நொடியில் எனக்கு ஒரு சிக்ஸர்.
வாகி பலகையில் குதித்தான். எனக்கு இரண்டு ரன்.
(இரண்டு ரன்னுக்கா இத்தனை குதி?)
கடைசிப் பந்துக்கு ஐந்து வேண்டும்.
நான்கு என்றால் சமன், ஆறு என்றால்
விடியும்வரை யாரும் தூங்கப்போவதில்லை.

காதைச் சுவரில் வைத்தேன்.
ஒன்றுமில்லை.
ஐயோவும் இல்லை, குதியும் இல்லை.
தோற்றவன் வீட்டில்கூட
ஒரு பாத்திரமாவது உருளுமே?

பிறகுதான் பார்த்தேன்.
வரிசை முழுக்க இருட்டு. மின்சாரம் போயிருக்கிறது.
என் திரையில் மட்டும்
பந்துவீச்சாளன் திரும்பி நடந்துகொண்டிருக்கிறான்.
தகரத்தைத் தட்டினான் வாகி:
"கெயுவா, என்ன ஆயிற்று?"

பலகைப் பாதை கிறீச்சிட வந்தார்கள்,
ஒருத்தி தூங்கும் குழந்தையோடு,
ஒருவன் ஈரக் காலோடு படகிலிருந்து.
உள்ளங்கை அகல வெளிச்சத்தைச் சுற்றிப் பதினோரு முகம்.
பேட்டரி மூன்று சதவீதம்.

அடித்தான்.
பந்து எழுந்தது. கேமரா வானத்தைத் தேடியது.
நீலத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு.
அப்படியே நின்றது படம்.
நடுவில் ஒரு சக்கரம் சுற்றியது, சுற்றியது.
"ஆறுதான்" என்றது ஒரு குரல்.
"எதிர்க்காற்று, பார், கொடி பறக்கிற பக்கம்" என்றது இன்னொன்று.
கைப்பேசி அணைந்தது.

யாரும் வீட்டுக்குப் போகவில்லை.
காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து மென்றோம்.
எல்லோருக்கும் நானே பாக்குக் கொடுத்தேன்,
வாகியிடம் மட்டும் காசு வாங்கினேன்.
கீழே அலை தூண்களில் மோதி மோதி
ஏதோ சொல்ல வந்து நிறுத்தியது.

நான்கரைக்கு விளக்கு வந்தது.
எல்லோரும் வாகி வீட்டுக்குள் ஓடினார்கள்.
நான் போகவில்லை.
சுவர் வழியாக ஒரு சோப்பு விளம்பரம்,
பிறகு யாரோ நீளமாக விட்ட மூச்சு.

பழக்கதோஷம்.
நாற்பது வரை எண்ணினேன்.
அதுவரை எனக்குப் பந்து மேலேயே இருந்தது.

பிறகு நோட்டைத் திறந்து எழுதினேன்:
இகோ, எல்லைக்கோட்டில் கேட்ச், நாற்பத்தொன்று.
அதன் கீழே, பழைய மை மங்கியிருந்ததால்
மறுபடியும் அழுத்தி:
மூன்று கினா.